மொரிஸ் மைனரை ஹொட் ரொட் ஆக்குமுன் தகரத்தை அடையாளம் காண்பது எப்படி?

"அண்ணை, கூரையை எத்தனை அங்குலம் இறக்கலாம்?"

பழைய மொரிஸ் மைனர் ஒன்றை வாங்கி, அதை ஹொட் ரொட், அதாவது வெட்டித் தாழ்த்தி உருமாற்றிய கார், ஆக்கும் ஆசையோடு திருகோணமலை அனுராதபுரச் சந்திப் பக்கம் இருக்கும் என் கராஜுக்கு வரும் பிள்ளைகள் வாய் திறந்ததும் கேட்பது இதைத்தான். முன்கண்ணாடி ஒன்றா, இரண்டா என்று நான் திருப்பிக் கேட்பேன். திருதிருவென்று விழித்தால், போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். எங்கே வெட்டுவது, வெட்டுவதா வேண்டாமா என்பதையெல்லாம் அந்தக் கண்ணாடிதான் தீர்மானிக்கிறது.

1948இல் வெளிவந்த மைனரில் தொடங்கி 1956 வரை, நடுவில் ஒரு தூண் வைத்த இரண்டு தட்டையான முன்கண்ணாடிகள். 1956இல் மைனர் 1000 வந்தபோது அவை வளைந்த ஒரே கண்ணாடியாயின, பின்கண்ணாடியும் பெரிதானது. கூரை இறங்கினால் கண்ணாடியும் குறுகியாக வேண்டும். தட்டையான கண்ணாடியை லமினேட்டட் தாளிலிருந்து கடைக்காரரே அளவுக்கு வெட்டித் தருவார். வளைந்த, சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியை வெட்டப் போனால் கையில் மிஞ்சுவது பொடிதான். ஆகவே இரட்டைக் கண்ணாடி வண்டிக்குக் கூரையை இறக்குங்கள். மைனர் 1000இன் கூரையில் கை வைக்காதீர்கள். அதற்கு முன்பக்க டோர்ஷன் பாரின் (முறுகி வில்லுப்போல் வேலை செய்யும் கம்பியின்) பின்முனையில் உள்ள பற்களை மாற்றிப் பொருத்தினால் மூக்கு தாழ்ந்துவிடும், தகரம் எதையும் வெட்ட வேண்டாம்.

வண்டியின் ஆண்டைப் பதிவுப் புத்தகத்தை வைத்து மட்டும் முடிவுசெய்ய வேண்டாம். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகிக் கிடந்த காலத்தில் ஒன்றின் மட்கார்டை மற்றொன்றுக்குப் பூட்டித்தான் இந்தக் கார்கள் ஓடின. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக விசாரியுங்கள். ஹெட்லைட் கிரிலுக்குள் தாழ இருந்தால் அது ஆரம்பகால முகப்பு. மட்கார்டின் மேலே ஏறியிருந்தால் பிந்தியது. கதவுக்குப் பின்னுள்ள தூணில், கை நீட்டிச் சைகை காட்டும் கருவிக்கு ஒடுங்கிய நீள்துளை இருந்தால் அந்த உடல் பெரும்பாலும் 1961க்கு முந்தியது. சைட் லைட்டின் துளை பெரிதாக இருந்தால் மட்கார்ட் 1963இன் கடைசிக்குப் பிந்தியது. பொனட்டின் நடுவே முன்பின்னாக ஓடும் புடைத்த பட்டையைத் தடவிப் பாருங்கள். வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் கடைசி நேரத்தில் மாதிரி வண்டியை நெடுக்காகப் பிளந்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். அந்தப் பட்டை அதன் அடையாளம். அதற்குள் பம்பர்கள் தயாராகிவிட்டதால் ஆரம்ப வண்டிகளின் பம்பரை நடுவில் வெட்டி ஒரு துண்டு சேர்த்தார்கள். அப்படியொரு பம்பரோ, தாழ்ந்த ஹெட்லைட் முகப்போ கிடைத்தால் தயவுசெய்து அதில் கிரைண்டரை வைக்காதீர்கள். பழைமைப் பிரியர் ஒருவருக்கு விற்றால் அந்தக் காசில் சாதாரண மட்கார்டுகள் வாங்கலாம்.

அடுத்தது கறள். நமக்கு மூன்று பக்கமும் கடல், உப்புக்காற்று எந்தத் தகரத்தையும் விட்டுவைப்பதில்லை. மெல்லிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி உடல் முழுக்க ஓட்டுங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) தடித்துக் கிடக்கிறது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டித் தகடு, ஜக் வைக்கும் இடம், பின் வில்லுத் தகடு தொங்கும் தாங்கி ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். இவை உக்கியிருந்தால் கூரைப் பேச்சே வேண்டாம். 1932ஆம் ஆண்டு போர்டு காருக்கு உடலைத் தாங்கும் தனிச் சசி (அடிச்சட்டம்) உண்டு. கலிபோர்னியா ஹொட் ரொட்காரர்கள் அதன் உடலைக் கழற்றி இறக்கி விளையாடினார்கள். மைனருக்கு அது இல்லை. அந்தப் பெட்டித் தகடுதான் முதுகெலும்பு. அமெரிக்கப் படத்தைப் பார்த்துத் தரையை வெட்டினால் வண்டி நடுவில் வளையும், கதவு மூடாது.

இனி வெட்டு. கதவுகளைக் கழற்றுமுன் முன்தூணிலிருந்து நடுத்தூணுக்கும், இடமிருந்து வலத்துக்கும் சதுரக் குழாய்களை உள்ளே பற்றவையுங்கள். கதவு வாசலின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து சுவரில் எழுதுங்கள். வேலை முடியும்வரை அந்த எண்கள் மாறக் கூடாது. இரண்டு அங்குலம் போதும் என்பது என் கருத்து. அதற்குமேல் இறக்கிய மைனர், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்ட ஆள் மாதிரி இருக்கும். ஓட்டுபவரும் குனிந்தே ஓட்ட வேண்டும்.

பலர் கணக்கில் விடுவது தூணின் சாய்வை. முன்தூண் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. சாய்வு செங்குத்திலிருந்து 30 பாகை என்று வைத்தால், இரண்டு அங்குலம் இறக்கும்போது தூணின் அறுத்த முனை ஏறக்குறைய 1.15 அங்குலம் முன்னே நிற்கும், கூரையின் முனை அதற்குப் பின்னே தொங்கும். தூணை வளைத்து இழுக்கலாம், ஆனால் கண்ணாடிச் சட்டம் கோணும். கூரையைக் குறுக்கே அறுத்து, இடையில் ஒரு தகரப் பட்டை சேர்ப்பதே ஒழுங்கான வழி. பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள தகரத்தைச் சிதைக்காமல் சட்டத்தோடு முழுதாக வெட்டி எடுத்துக் கீழே இறக்கிப் பொருத்துங்கள்; அப்போது அந்தக் கண்ணாடி அப்படியே பயன்படும்.

கூரைத் தகட்டைத் தொடர்ச்சியாகப் பற்றவைத்தால் அப்பளம்போல் நெளிந்துவிடும். ஒரு பொட்டு இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி. கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறியபின் நடுவே ஒன்று. பட்டி மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். ஹெட்லைட்டை உள்ளே புதைத்துப் பொருத்துவதென்றால் அடியில் ஒரு வடிகால் துளை போடுங்கள், இல்லையென்றால் மழைநீர் அங்கேயே தங்கி மட்கார்டைத் தின்னும்.

பல்க்ஹெட்டில் (எஞ்சினையும் உள்பக்கத்தையும் பிரிக்கும் தகட்டில்) உள்ள சசி இலக்கத் தகட்டைக் கழற்றவோ பெயின்டால் மூடவோ கூடாது. எஞ்சின், நிறம், உடல் வடிவம் எதை மாற்றுவதானாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் கேட்டுவிட்டு வேலையில் இறங்குங்கள்.

வெறும் தகரத்தை இரவில் விட்டுவைத்தால் இந்த ஊரில் விடியும்போது பழுப்பேறியிருக்கும். அன்றைக்குப் பிரைமர் அடிக்க முடிந்த அளவு மட்டும் சுரண்டி, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவைத்து உடனே அடித்துவிடுங்கள். வாடைக்காற்று மாதங்களில் என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ட் ஈரத்தை இழுத்து வெளுத்துப்போகும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் ஈரம் குறைவு, புழுதி அதிகம். தரைக்குத் தண்ணீர் தெளித்து, காற்றுக் கிளம்புமுன் அதிகாலையிலேயே அடித்து முடித்துவிட வேண்டும்.