கார்டு மெஷின் ரூபாய் என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்

வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது மெஷின் "ரூபாயில் எடுக்கவா, இந்த ஊர்ப் பணத்தில் எடுக்கவா?" என்று கேட்டால், அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள். மண்ணடி, வண்ணாரப்பேட்டையிலிருந்து சரக்கு பார்க்க சிங்கப்பூர், பாங்காக் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மொத்தக் கொள்முதலில் பில் பெரிது, இழப்பும் பெரிது.

ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது உங்கள் வங்கி அல்ல, அந்த மெஷினை நடத்தும் நிறுவனம். அது தன் லாபத்தையும் சேர்த்துத்தான் விகிதம் போடும். அந்த ஊர்ப் பணம் என்றால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனங்களின் விகிதமும் அதன்மேல் உங்கள் வங்கியின் கட்டணமும்தான். ரூபாயில் எடுத்தால் அந்தக் கட்டணமாவது மிச்சம் என்று நினைக்காதீர்கள். கடை வெளிநாட்டில் இருப்பதால் பல வங்கிகள் அதற்கும் தனியாகப் பிடிக்கின்றன. சில கடைகளில் கேட்காமலேயே ரூபாயில் போட்டுவிடுவார்கள். பின் நம்பர் அடிக்கும் முன் திரையைப் பாருங்கள், ரூபாய் என்றிருந்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். ஏடிஎம்மிலும் அப்படித்தான்: ரூபாய்க்கு மாற்ற வேண்டாம் என்று அழுத்தினாலும் பணம் வரும்.

இந்திய நிறுவனத்தின் தளத்தில் ரூபாய் விலையிலேயே புக் செய்த ஹோட்டலுக்கும் டிக்கெட்டுக்கும் இது பொருந்தாது.