போர்தோ சிவப்பு ஒயின்: ஓர் ஆண்டைச் சுவைத்து எடைபோடுவது எப்படி?

ஒரு புட்டியைத் திறந்து சுவைத்துவிட்டு ‘இந்த ஆண்டு அருமை’ என்று சொல்லிவிட முடியாது. அதில் வானிலையோடு நிலமும் திராட்சை வகையும் தயாரித்தவரின் கைப்பக்குவமும் கலந்திருக்கின்றன. வானிலையை மட்டும் பிரித்தறிய, ஒரே அறுவடை ஆண்டைச் சேர்ந்த ஆறு புட்டிகளாவது வேண்டும். பிரான்சின் போர்தோ பகுதியை ஆறுகள் இரண்டு கரைகளாகப் பிரிக்கின்றன. இடது கரையின் மெதோக்கிலிருந்து மூன்று, வலது கரையின் பொமரோல், செயின்ட் எமிலியனிலிருந்து மூன்று. மெதோக்கில் கேபர்னே சோவின்யோன் திராட்சை ஓங்கும், வலது கரையில் மெர்லோ திராட்சை. மெர்லோ முந்திப் பழுக்கும்; கேபர்னே பிந்தும். 1998இல் மெர்லோ பெரும்பாலும் பறித்து முடிந்த நிலையில், கேபர்னே மழையில் மாட்டிக்கொண்டது. வலது கரைக்கு யோகம். 1996இல் நேர்மாறு. ஒரு கரையை மட்டும் சுவைத்தவர் இரண்டு ஆண்டுகளையுமே தவறாக எடைபோட்டிருப்பார்.

ஆறில் இரண்டு, பெயர் பெறாத எளிய ஷாத்தோக்களுடையதாக (ஒயின் பண்ணைகள்) இருக்கட்டும். காரணம் பின்னால் வரும்.

பத்து வயது தாண்டிய புட்டியை முந்தைய நாளே நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் படியும். ஊற்றும்போது ஒயின் 17 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். 20ஐத் தாண்டினால் ஆல்கஹால் நெடி முந்திக்கொள்ளும். 14க்குக் கீழே போனால், துவர்ப்பைத் தரும் டானின் நல்லதாக இருந்தாலும் முரடாகத் தோன்றும். இளம் ஒயினை இரண்டு மணி நேரம் முன்னதாக டிகேன்டரில் (காற்றாடவிடும் கண்ணாடிக் குடுவை) ஊற்றலாம். 25 வயதைக் கடந்ததற்கு அந்தச் சலுகை கிடையாது. வண்டலைப் பிரிக்க, சுவைக்கச் சற்று முன்பு மட்டும் ஊற்றுங்கள்; அதன் மணம் அரை மணி நேரத்திலேயே போய்விடக்கூடும். ஒரே மாதிரியான, வாய் குறுகிய கோப்பைகளில் 50 மில்லி. லேபிளை மறைத்துவிடுங்கள், பெயர் தெரிந்தால் நாக்கு பாரபட்சம் காட்டும்.

நிறத்துக்கு அதிக நேரம் வேண்டாம். வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். இளமையில் ஊதா, முதுமையில் செங்கல் நிறம். ஐந்து வயதிலேயே விளிம்பு பழுப்பேறியிருந்தால் வைத்திருந்த விதத்தில் கோளாறு இருக்கலாம்.

முதலில் கோப்பையைச் சுழற்றாமல் முகருங்கள். குறைகள் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், பழ மணம் அடங்கிவிடும். காற்றாடவிட்டாலும் சரியாகாது, வேறு புட்டியைத் திறங்கள். அழுகிய முட்டை வாடை அப்படியல்ல, சுழற்றினால் பல சமயம் கலைந்துவிடும். குதிரை லாயம் போன்ற வாடை பிரெட்டனோமைசிஸ் ஈஸ்டின் வேலை. பழியைப் பாதாள அறையின் மேல் போடுங்கள், ஆண்டின் மேல் அல்ல. வனிலாவும் புகையும் 225 லிட்டர் புதிய ஓக் பீப்பாய் தருபவை. அவை ஷாத்தோவின் பணபலத்தைத்தான் காட்டும்.

ஆண்டு பேசுவது வேறு மணங்களில். பச்சைக் குடைமிளகாய் மணம் தூக்கினால் கேபர்னே முழுதாகப் பழுக்கவில்லை. 2013 போன்ற குளிர்ந்த, ஈரமான ஆண்டுகளில் இதை எதிர்பார்க்கலாம். ஜாம், உலர்திராட்சை மணம் என்றால் வெப்பம் மிஞ்சியிருக்கிறது. 2003இன் வெப்ப அலை அப்படிப்பட்டது.

இனி வாய். ஒரு மடக்கு, 10 முதல் 15 மில்லி. பத்து விநாடி வாயில் வைத்து, உதட்டிடுக்கில் சிறிது காற்றை உறிஞ்சி, துப்பிவிடுங்கள். புளிப்பு உமிழ்நீரைச் சுரக்கவைக்கும், ஆல்கஹால் தொண்டையில் சூடேற்றும், டானின் ஈறுகளை இழுத்துப் பிடிக்கும். டானின் எவ்வளவு என்பதைவிட எப்படிப்பட்டது என்பதே முக்கியம். பழுத்த டானின் ஈறு முழுக்கச் சீராகப் படரும். பழுக்காதது ஓரிடத்தில் சுரண்டி, கசப்பில் முடியும். 2009ஐயும் 2010ஐயும் அடுத்தடுத்துச் சுவைத்தால் இன்னொன்றும் விளங்கும்: முன்னது சதைப்பற்றோடு உடனே மயக்கும், பின்னது புளிப்பும் டானினும் மிகுந்து விறைத்து நிற்கும். அந்த விறைப்பு குறையல்ல, நீண்ட ஆயுளுக்கான முதுகெலும்பு.

துப்பியபின் சுவை நிற்கும் விநாடிகளை எண்ணுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் விநாடிக்கு ஒரு ‘கோதலி’ என்று கணக்கிடுவார்கள். பத்தைத் தாண்டினால் நல்லது, ஆனால் எஞ்சி நிற்பது பழச்சுவையா, வெறும் துவர்ப்பும் சூடுமா என்றும் கவனியுங்கள்.

நான்காவது கோப்பைக்குள் வாயில் டானின் சேர்ந்துவிடும். பின்னால் வருவதெல்லாம் கரடுமுரடாகத் தோன்றும். இடையிடையே தண்ணீரும் வெறும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு, முடிந்ததும் கடைசியிலிருந்து முதலுக்கு மறுபடி சுவையுங்கள். இரண்டு சுற்றுக் குறிப்புகளும் முரண்படும் ஒயினுக்கு மட்டும் மூன்றாம் சுற்று.

பிறகு லேபிளைத் திறந்து, அந்த எளிய இரண்டைப் பாருங்கள். மோசமான ஆண்டிலும் வசதி படைத்த ஷாத்தோ அழுகிய பழங்களைப் பொறுக்கித் தள்ளி, நல்ல ஒயின் செய்துவிடும். எளியவருக்கு அந்த வசதி குறைவு. அவருடைய புட்டியும் தேறியிருந்தால் அது வானிலையின் கொடை. 2005, 2016 அத்தகைய ஆண்டுகள்.

இளம் ஒயின்களில் மீதியை மூடி வைத்து மறுநாள் மீண்டும் சுவையுங்கள். பழச்சுவை நிமிர்ந்து நிற்பதை இன்னும் பல ஆண்டுகள் சேமிக்கலாம். தளர்ந்துபோனதைச் சீக்கிரம் குடித்துவிடுங்கள்.