ஏஐ முதுகலை: தப்பான நிரலும் ஓடும்

செயற்கை நுண்ணறிவில் முதுகலை படிக்க வருபவர்களில் பலர் ஏற்கெனவே நிரல் எழுதிப் பழகியவர்கள். சாதாரண நிரலில் தப்பு இருந்தால் அது பாதியில் நின்றுபோகும், சிவப்பு எழுத்தில் திட்டும், எத்தனையாவது வரியில் கோளாறு என்றும் காட்டிக்கொடுக்கும். அந்தப் பழக்கத்தோடு இந்தப் படிப்புக்குள் நுழைகிறவர்களுக்கு முதல் அடி விழுவது இங்கேதான். ஏஐ-யில் தப்பான நிரலும் ஓடும். ஓடி முடித்து, துல்லியம் 94 சதவீதம் என்று ஒரு எண்ணையும் கையில் கொடுத்துவிட்டுப் போகும். அந்த எண் பொய் என்று எந்தத் திரையும் சொல்லாது.

படிப்புக்கும் இதே குணம் உண்டு. ஆயத்த நிரல் தொகுப்புகளான நூலகங்களைக் கூப்பிட்டு, மாதிரி நிரலைக் கொஞ்சம் மாற்றி, பாதிப் புரிதலோடு இரண்டு பருவங்களைத் தாண்டிவிடலாம். கடன் மொத்தமாக வசூலாவது ஆய்வேட்டில். கீழே சொல்லப்போகும் தவறுகளில் சிலவற்றை நானே செய்திருக்கிறேன், மற்றவற்றைப் பக்கத்து மேசையில் பார்த்திருக்கிறேன்.

பெயரைப் பார்த்துச் சேர்வது

"செயற்கை நுண்ணறிவு" என்ற ஒரே பெயரில் மூன்று விதமான படிப்புகள் இருக்கின்றன. ஒன்றில் தேடல், திட்டமிடல், அறிவைக் குறியீடுகளாக எழுதும் முறை, ரோபோவியல் எல்லாம் வரும். இன்னொன்று முழுக்கப் புள்ளியியலும் இயந்திரக் கற்றலும். மூன்றாவது வகை வழக்கமான கணினி அறிவியல் படிப்புதான். இரண்டு விருப்பப் பாடங்களைச் சேர்த்துப் பெயர்ப் பலகையை மட்டும் மாற்றியிருப்பார்கள். மோசடி என்று சொல்ல மாட்டேன், ஆனால் சேர்ந்த பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை. கட்டாயப் பாடங்கள் எவை, ஆய்வேட்டுக்கு எத்தனை மாதம், நெறியாளராக வரக்கூடியவர்கள் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்ற மூன்றையும் பார்த்தாலே பாதி தெளிவு வந்துவிடும். பிறகு முனைவர் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், ஆய்வேடு இல்லாத படிப்பைத் தேர்ந்தெடுப்பது கையைக் கட்டிக்கொண்டு நீந்துகிற வேலை.

விண்ணப்பக் கடிதத்தில் "சிறுவயதிலிருந்தே ரோபோ என்றால் எனக்கு உயிர்" என்று தொடங்காதீர்கள். நீங்கள் செய்து பார்த்த ஒரு சின்னத் திட்டம், அது ஏன் சரியாக வரவில்லை, அதிலிருந்து எந்தக் கேள்வி எழுந்தது என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கணிதத்தில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள்

"நூலகமே எல்லாம் பார்த்துக்கொள்ளும், கணிதம் எதற்கு?" என்பது முதல் தவறு. ஒரு சின்ன உதாரணம். சாஃப்ட்மேக்ஸ் என்பது எண்களை e-யின் அடுக்காக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து நிகழ்தகவுகளாக மாற்றும் சூத்திரம். அதைப் புத்தகத்தில் இருப்பதுபோலவே நிரலாக எழுதுங்கள். உள்ளே வரும் எண் 89 ஆக இருந்தால் போதும், கதை முடிந்தது. 32 பிட் தசம எண்ணில் அடங்கும் உச்சம் ஏறக்குறைய 3.4×10³⁸. e-யின் 89-ஆம் அடுக்கு அதைத் தாண்டிவிடும். விடை முடிவிலி, முடிவிலியை முடிவிலியால் வகுத்தால் "எண் அல்ல" என்ற குப்பை. எல்லா எண்களிலிருந்தும் அவற்றில் பெரியதைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் பிரச்சினை தீரும். அப்படிக் கழித்தாலும் விடை ஏன் மாறுவதில்லை? மேலும் கீழும் ஒரே எண்ணால் வகுபடுவதால். இந்த ஒரு வரி புரியாதவர், மூன்று நாள் ஓடிய மாடல் பயிற்சி (தரவைக் காட்டி நிரலைப் பழக்குவது) நடுவில் செத்துப்போனதற்குக் காரணம் தேடி இன்னும் மூன்று நாள் அலைவார்.

எதிர்த்தவறு இன்னும் நயமானது. "கணிதத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் மாடல் பக்கம் வருவேன்" என்று அளவைக் கோட்பாட்டில் ஆரம்பித்து முதல் பருவத்தையே தொலைப்பது. அப்படி ஒரு முடிவு வராது, கணிதம் முடிகிற பொருள் இல்லை. அணிகள், அவற்றைப் பிரித்தெழுதும் முறைகள், வகை நுண்கணிதத்தின் சங்கிலி விதி, நிபந்தனை நிகழ்தகவு, பேய்ஸ் தேற்றம், மீப்பெரு சாத்தியக்கூறு ஆகியவை கைவசம் இருந்தால் பாடம் தொடங்கலாம். மீதியைத் தேவைப்படும் இடத்தில் படித்துக்கொள்ளலாம்.

நான் யாருக்கும் சொல்லும் ஒரே வீட்டுப்பாடம் இதுதான். இரண்டு அடுக்கு நியூரல் நெட்வொர்க்கின் (எடைகள் என்ற எண்களால் இணைந்த கணக்கீட்டு அடுக்குகளின்) பின்பரவலை, அதாவது விடையின் பிழையைப் பின்னோக்கி எடுத்துச்சென்று ஒவ்வொரு எடையையும் எப்படித் திருத்துவது என்று கணக்கிடும் முறையை, தாளில் வருவியுங்கள். பிறகு நம்பை (NumPy) என்ற எண்கணக்கு நூலகத்தை மட்டும் வைத்து நிரலாக எழுதுங்கள். கடைசியாக ஒவ்வொரு எடையையும் கடுகளவு கூட்டியும் குறைத்தும் லாஸ் (விடை எவ்வளவு தப்பு என்ற அளவு) எவ்வளவு மாறுகிறது என்று எண்முறையில் கணக்கிட்டு, நீங்கள் வருவித்த கிரேடியன்டோடு (எடை மாறும்போது லாஸ் மாறும் வீதத்தோடு) ஒப்பிடுங்கள். ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் 1986-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய பின்பரவல் கட்டுரை நான்கே பக்கம். அதைப் படிக்காமல் இந்தத் துறையில் பட்டம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

பழைய பாடங்களை இளக்காரமாகப் பார்ப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2017-இல் இன்றைய மொழி மாடல்களின் அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் வந்தபின் அதற்கு முந்தையதெல்லாம் தொல்பொருள் என்று நினைப்பவர்கள் தேடல் வகுப்பில் தூங்குகிறார்கள். 2016-இல் கோ விளையாட்டு வீரர் லீ செடோலை 4-1 என்று வென்ற ஆல்பாகோ நிரலுக்குள் நியூரல் நெட்வொர்க் மட்டும் இருக்கவில்லை. அடுத்தடுத்த நகர்வுகளை ஓட்டிப் பார்க்கும் மான்டே கார்லோ மரத் தேடலும் சேர்ந்துதான் அதை ஆட வைத்தது. பெர்செப்ட்ரான் என்ற தொடக்ககால நியூரல் நெட்வொர்க் 1958-இல் வந்தது, 1969-க்குப் பிறகு ஒதுக்கப்பட்டது, 2012-இல் படங்களை வகைப்படுத்தும் இமேஜ்நெட் போட்டியில் அதன் பேரப்பிள்ளைகள் மேடையைப் பிடித்தன. இந்தத் துறையில் எது செத்தது என்று தீர்ப்பு எழுத அவசரப்பட வேண்டாம்.

மெல்லக் கொல்லும் தவறு: கசிவு

இனி சொல்வதுதான் இந்தக் கட்டுரையை எழுதவே காரணம். பயிற்சித் தரவு, சோதனைத் தரவு என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பிரித்தும் கசியும், அதாவது சோதனைத் தரவின் தகவல் பயிற்சிக்குள் நுழைந்துவிடும் என்பது பலருக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

மொத்தத் தரவின் சராசரியைக் கணக்கிட்டு அளவுகளைச் சமன்படுத்திவிட்டு, அதன் பிறகு பிரித்தால் சோதனைத் தரவின் வாசனை பயிற்சிக்குள் போய்விட்டது. நாள்வாரித் தரவைக் கலைத்துப்போட்டுப் பிரித்தால், நாளை நடந்ததைப் படித்துவிட்டு நேற்று நடந்ததை ஊகிக்கிற ஜோசியம்தான் நடக்கும். பொதுவில் கிடைக்கும் மார்பு எக்ஸ்ரே தொகுப்பு ஒன்றில் 1,12,120 படங்கள் உண்டு. ஆட்கள் 30,805 பேர்தான். படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாகப் பிரித்தால் ஒரே ஆளின் படங்கள் இரு பக்கமும் விழும். மாடல் நோயைப் படிப்பதற்குப் பதில் ஆளை அடையாளம் கண்டுகொண்டு மதிப்பெண் வாங்கும். பிரிக்க வேண்டியது ஆட்களை, படங்களை அல்ல. இது மாணவர்களின் அசட்டை மட்டும் இல்லை. இயந்திரக் கற்றலைப் பயன்படுத்திய ஆய்வுகளை அலசிய கபூரும் நாராயணனும் 2023-இல் வெளியிட்ட கட்டுரையில், 17 துறைகளில் 294 ஆய்வுக் கட்டுரைகள் கசிவால் பாதிக்கப்பட்டிருந்ததைத் தொகுத்துக் காட்டினார்கள்.

கசிவே இல்லாவிட்டாலும் மாடல் குறுக்கு வழி கண்டுபிடிக்கும். 2018-இல் வந்த ஓர் ஆய்வில், எக்ஸ்ரேவில் நிமோனியா தேடப் பழக்கிய மாடல், படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதையே மிகத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிடும் என்று தெரியவந்தது. ஓரிடத்தில் நிமோனியா நோயாளிகள் அதிகம், இன்னோரிடத்தில் குறைவு. இடத்தைத் தெரிந்துகொண்டால் பாதி விடை தெரிந்த மாதிரி. வெளி மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தபோது துல்லியம் பெரும்பாலும் சரிந்தது.

சோதனைத் தரவை அடிக்கடி எட்டிப் பார்ப்பதும் கசிவுதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதன் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினால் அது சோதனையாக இருக்காது, இரண்டாவது பயிற்சித் தரவாகிவிடும். சரிபார்ப்புக்கென்று மூன்றாவதாக ஒரு பகுதியை ஒதுக்குங்கள். சோதனைத் தரவைக் கடைசி வாரம்வரை தொடாதீர்கள். கோப்பை வேறொருவரிடம் கொடுத்துவைத்த மாணவர் ஒருவரைத் தெரியும். கிறுக்குத்தனம் என்று அன்றைக்குச் சிரித்தோம், இப்போது சிரிப்பதில்லை.

எண்ணைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. நூற்றில் ஒருவருக்கு வரும் நோய்க்கு, எல்லோரையும் பார்த்து "நோய் இல்லை" என்று சொல்லும் நிரலுக்கும் 99 சதவீதத் துல்லியம் உண்டு. அதனால் ஆழ்கற்றல் (பல அடுக்கு நியூரல் நெட்வொர்க்) மாடலைக் கட்டும் முன், சும்மா ஊகிப்பதற்கும் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய புள்ளியியல் முறைக்கும் எவ்வளவு வருகிறது என்று எழுதிவையுங்கள். பிறகு ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள். வெகுமதி கொடுத்துப் பழக்கும் வலுவூட்டுக் கற்றலில் 2018-இல் ஒரு குழு ஒரே அல்காரிதத்தை, ஒரே அமைப்புகளோடு, சமவாய்ப்பு விதையை (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) மட்டும் மாற்றிப் பத்துமுறை ஓட்டியது. ஐந்தைந்தாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால், இரண்டும் வெவ்வேறு அல்காரிதம் என்று சத்தியம் செய்யலாம்போல வரைபடம் வந்தது. ஐந்து விதைகளில் ஓட்டி, சராசரியோடு சிதறலையும் எழுதுவது ஆய்வேட்டின் குறைந்தபட்ச மரியாதை.

ஓசையில்லாத நிரல் பிழைகள் தனி ரகம். பைடார்ச் என்ற ஆழ்கற்றல் நூலகத்தில், வகைப்படுத்தலுக்குப் பயன்படும் கிராஸ் என்ட்ரோபி லாஸ் சாஃப்ட்மேக்ஸைத் தானே உள்ளே செய்துகொள்ளும். தெரியாமல் நீங்களும் ஒருமுறை போட்டால் பிழைச் செய்தி வராது, மாடல் மந்தமாகக் கற்கும், அவ்வளவுதான். சோதிக்கும்போது மதிப்பீட்டு நிலைக்கு மாற்ற மறந்தால் டிராப்அவுட் (பயிற்சியின்போது சில அலகுகளைத் தற்செயலாக அணைக்கும் உத்தி) வேலையைத் தொடர்ந்து செய்து எண்ணைக் கெடுக்கும். இவற்றைப் பிடிக்க இரண்டு மலிவான பரிசோதனைகள் உண்டு. வகைகள் பத்து, ஒவ்வொன்றும் ஏறக்குறைய சம அளவு என்றால், பயிற்சி தொடங்கும் கணத்தில் லாஸ் 2.3 பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் பத்தின் இயல் மடக்கை அதுதான். 9 என்று காட்டினால் தொடக்கத்திலேயே கோளாறு. அடுத்தது, இருபது உதாரணங்களை மட்டும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். அதைக்கூடச் செய்ய முடியாத மாடலுக்கு ஒரு லட்சம் படங்களைக் கொட்டிப் பயனில்லை.

ஆய்வேடு

"மொழி மாடல்களின் பொய்யுரைத்தலை ஒழித்தல்" என்பது தலைப்பு அல்ல, பல நூறு பேர் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டிருக்கும் மலை. ஆறு மாதத்தில் ஒரு ஆளால் ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்வியாக அதைச் செதுக்க வேண்டும். குறிப்பிட்ட வகைக் கேள்விகளில், குறிப்பிட்ட ஒரு உத்தி பிழைகளைக் குறைக்கிறதா என்பது போதும்.

கணினி வலுவைக் கணக்குப் போடாமல் தலைப்பு எடுப்பவர்கள் ஏராளம். 700 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாறும் எண்கள்) கொண்ட மாடலை 16 பிட்டில் ஏற்றி வைக்கவே 14 ஜிபி வேண்டும். அதையே ஆடம் என்ற உகப்பாக்கியால் (எடைகளைத் திருத்தும் முறை) முழுமையாகப் பயிற்றுவிக்க, கிரேடியன்ட், உகப்பாக்கியின் நினைவு எல்லாம் சேர்ந்து அளவுரு ஒன்றுக்கு ஏறக்குறைய 16 பைட் பிடிக்கும். மொத்தம் 112 ஜிபி. உங்களுக்கு ஒதுக்கியிருப்பது 16 ஜிபி நினைவகம் கொண்ட ஜிபியு (மாடலை ஓட்டும் வேகச் செயலி). தலைப்பைப் பதிவு செய்யும் முன் இந்தப் பெருக்கலைச் செய்தால் கொஞ்சம் அளவுருக்களை மட்டும் பயிற்றுவிக்கும் லோரா போன்ற சிக்கன வழிகளுக்கோ சின்ன மாடலுக்கோ முதல் நாளே போய்விடலாம். நான்காம் மாதத்தில் செய்தால் அழுகைதான் வரும். மனிதர்களின் தரவைத் தொடும் ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டியிருக்கும், அது வாரக்கணக்கில் இழுக்கும்.

நெறியாளரைப் பார்க்க வெறுங்கையோடு போகாதீர்கள். "போய்க்கொண்டிருக்கிறது" என்று சொல்கிறவருக்கு அவரும் "நல்லது, தொடருங்கள்" என்றுதான் சொல்வார். தோற்றுப்போன ஒரு வரைபடத்தை நீட்டினால் அரை மணி நேரம் பேசுவார். எழுதுவதையும் கடைசி மாதத்துக்கு ஒத்திவைக்க வேண்டாம். ஒவ்வொரு சோதனையையும் ஓட்டும் முன் எதை எதிர்பார்க்கிறேன் என்று இரண்டு வரி எழுதிவைத்தாலே பாதி அத்தியாயம் தயார்.

உரையாடும் ஏஐ கருவிகளிடம் பாடப்பணியைக் கொடுத்துவிடுவதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அவை இல்லாத கட்டுரைகளுக்கும் அழகாக மேற்கோள் தரும், மேலே சொன்ன கசிவு உள்ள நிரலையும் சுத்தமாக எழுதித் தரும். நீங்களே ஒருமுறை முட்டி மோதிய பிறகு கேட்டால் அவை நல்ல துணை. அதற்கு முன் கேட்டால், வாய்மொழித் தேர்வு அறைக்குள் அவை கூட வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அந்த அறையில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: "கற்றல் வீதம் ஏன் 0.001?" எடைகளை ஒரு தடவைக்கு எவ்வளவு திருத்துவது என்பதுதான் கற்றல் வீதம். ஆடம் முறையை அறிமுகப்படுத்திய கட்டுரை பரிந்துரைத்த மதிப்பு 0.001, நூலகங்களிலும் அதுவே முன்னிருப்பு. எனவே பெரும்பாலோர் சொல்லும் பதில் "அப்படித்தான் இருந்தது". உடனே தேர்வாளர் பேனாவை எடுப்பார். ஒரு மாணவி இப்படிச் சொன்னார்: "0.01-இல் லாஸ் தாவிக் குதித்தது, 0.0001-இல் இருபது சுற்று ஓடியும் இறங்கி முடியவில்லை, மூன்றையும் சரிபார்ப்புத் தரவில்தான் பார்த்தேன், வரைபடம் பின்னிணைப்பில் இருக்கிறது." தேர்வாளர் பின்னிணைப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.