மாடி அறை ஜன்னலுக்கு வெளியே திருவல்லிக்கேணி

தாத்தாவுக்கு 82 வயது. முழங்கால் வலி வந்த பிறகு, திருவல்லிக்கேணி வீட்டின் மாடி அறைக்கு அவர் ஏறி இரண்டு வருடமாகிறது. அந்த அறையை கோடோ கேம் எஞ்சினில் (3டி விளையாட்டுகள் செய்யும் மென்பொருள்) கட்டி, கீழே ஹாலில் உட்கார்ந்தபடியே அவர் உள்ளே நடந்து பார்க்கும்படி செய்தேன். சுவர், கட்டில் எல்லாம் சுலபம். ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஊர்தான் பாடாய்ப் படுத்தியது.

முதலில் படம். மொட்டைமாடியில் ஜன்னலை ஒட்டி நின்று 360 டிகிரிக்கும் எடுக்க வேண்டும். போனைப் பிடித்துக்கொண்டு நாம் சுற்றினால் லென்ஸ் ஒரு வட்டம் போடும். கைப்பிடிச் சுவர் மாதிரி கிட்டே இருப்பவை ஒட்டும்போது உடைந்து நிற்கும். லென்ஸ் ஒரே இடத்தில் நிற்க, அதைச் சுற்றி நாம் நகர வேண்டும். இதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். லென்ஸுக்கு நேர் கீழே வரும்படி நூலைக் கட்டித் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் குண்டு அந்தப் புள்ளிக்கு மேலேயே நிற்க வேண்டும். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வொயிட் பேலன்ஸ் (நிறச் சாயல்), ஃபோகஸ் மூன்றையும் லாக் செய்துவிடுங்கள். கொடியில் துணி காயும் நேரம் வேண்டாம்; ஆடும் புடவை இரண்டு படத்தில் இரண்டு இடத்தில் இருக்கும்.

படங்களை ஒன்றாக ஒட்டும் ஹியூகின் மென்பொருளில் ஒட்டி, ஈக்விரெக்டாங்குலர் படமாக (உலக வரைபடம் போலச் சுற்றுப்புறம் முழுவதையும் ஒரே செவ்வகத்தில் விரிப்பது) 8192-க்கு 4096 பிக்சல் அளவில் எடுத்தேன். டிகிரிக்கு ஏறக்குறைய 23 பிக்சல். 90 டிகிரி பார்வையில் 1920 பிக்சல் அகலத் திரைக்கு சராசரியாக 21 போதும். கடலும் வானமும் சேரும் கோடு படத்தின் நட்டநடுவில் சமமாக ஓடுகிறதா என்று பாருங்கள். கோடு வளைந்தால் அறையே சாய்ந்த மாதிரி இருக்கும்.

இந்தப் படத்தை முதலில் ஒரு பெரிய கோளத்தின் மேல் ஒட்டி, கோளத்தின் பரப்பை உள்ளிருந்து தெரியும்படி திருப்பினேன். தாத்தா பார்த்தவுடனே, "லைட் ஹவுஸ் ஏம்மா இடது பக்கம் வந்துடுச்சு?" என்றார். கடலைப் பார்த்து நின்றால் கலங்கரை விளக்கம் வலப்பக்கம் இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்க ஒட்டிய படத்தை உள்ளிருந்து பார்த்தால் இடம் வலமாகிவிடும். கோளத்தின் மெட்டீரியலில் யூவி ஸ்கேலின் (பரப்பின் மேல் படம் விரியும் அளவு) எக்ஸ் மதிப்பை -1 ஆக்கினால் சரியாகும். கோளமே வேண்டாம் என்றால், கோடோவில் வானத்தையும் பொது ஒளியையும் அமைக்கும் வேர்ல்ட்என்விரான்மென்ட் நோடில் பேக்கிரவுண்டை ஸ்கை என்று வைத்து, பனோரமாஸ்கைமெட்டீரியலில் படத்தைக் கொடுங்கள். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஸ்கை ரொட்டேஷனைத் திருப்பி, கடலை ஜன்னலுக்கு நேரே கொண்டு வரலாம்.

அப்புறம்தான் உண்மையான வேலை. ஸ்கை எப்போதும் முடிவில்லாத தூரத்தில் இருக்கிறது. அறைக்குள் எவ்வளவு நடந்தாலும் அது அசையாது. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கலங்கரை விளக்கத்துக்கு அது பொருந்தும், ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் அது இடம் மாறுவது ஒரு பிக்சல்கூட இல்லை. ஆனால் 5 மீட்டரில் இருக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி 11 டிகிரி நகர வேண்டும். நகராவிட்டால் ஜன்னலில் போஸ்டர் ஒட்டிய மாதிரி ஆகிவிடும். அதனால் தொட்டி, கைப்பிடிச் சுவர், ஜன்னல் கம்பி என்று 30 மீட்டருக்குள் உள்ளதை எல்லாம் தனி மெஷ்ஷாக (3டி வடிவம்) செய்து, படத்தில் பதிந்திருந்த தொட்டியை கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் அழித்தேன். பார்த்தசாரதி கோயில் கோபுரத்தை மட்டும் படத்திலிருந்து வெட்டி, ஒரு தட்டையான அட்டையாக அதன் சரியான தூரத்தில் நிறுத்தினேன். அறைக்குள் நடக்கும்போது கோபுரம் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே மெல்ல நகர்வதைப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

கடைசியாக வெளிச்சம். ஸ்கையின் ஆம்பியண்ட் ஒளி (எல்லாப் பக்கமிருந்தும் வரும் பொது வெளிச்சம்) சுவர், கூரை எதையும் மதிக்காமல் அறை முழுக்க ஒரே மாதிரி விழும். ஆம்பியண்ட் சோர்ஸை கலர் என்று மாற்றி, நன்றாகக் குறைத்துவிடுங்கள். வெயில் போல ஒரே திசையில் விழும் ஒரு டைரக்‌ஷனல் லைட் போட்டு, படத்தில் சூரியன் இருக்கும் திசைக்குத் திருப்பி, ஷேடோவை ஆன் செய்யுங்கள். நான் எடுத்தது காலை ஏழு மணிப் படம். கம்பியின் நிழல் நீளமாகக் கட்டிலின் கால்மாட்டில் விழுந்தது. தாத்தா அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மணி ஏழு இருக்குமா?" என்று கேட்டார்.