சோடாவில் கேஸ் சீக்கிரம் போகாமல் இருக்க

மூடியிருக்கும் சோடா பாட்டிலில் குமிழி கண்ணில் படாது. மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று கிளம்பும். அழுத்தத்தால் தண்ணீரில் கரைந்து கிடந்த கரியமில வாயு, அழுத்தம் விலகியதும் வெளியேறுகிறது, அவ்வளவுதான். சாதாரணக் காற்றழுத்தத்தில், மேலே முழுக்கக் கரியமில வாயுவே நின்றாலும், 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 கிராம் வாயுவைத்தான் பிடித்து வைக்கும். 0 டிகிரியில் சுமார் 3.3 கிராம். குளிர்பானங்களில் பெரும்பாலும் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை அடைத்திருப்பார்கள். ஆகவே திறந்த பாட்டிலில் கேஸ் போகத்தான் செய்யும். மெதுவாகப் போக வைப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

சோடா மெஷினில் போடுபவர்கள் முதலில் தண்ணீரைக் குளிர வையுங்கள். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருந்து 4 டிகிரிக்கு வந்த தண்ணீர் நல்லது. சோடா சப்பென்று இருப்பதற்கு முக்கியக் காரணம், குளிராத தண்ணீரில் கேஸ் ஏற்றுவதுதான். பாட்டிலில் உள்ள கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். பொத்தானை ஒரே அழுத்தாகப் பிடிக்காமல், ஒரு விநாடி அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். முடித்ததும் அரை நிமிடம் பொறுத்து, அழுத்தத்தை மெல்ல இறக்கிவிட்டுப் பாட்டிலைக் கழற்றுங்கள். சர்க்கரைப்பாகு, பழச்சாறு எல்லாம் அதன் பிறகுதான், அதுவும் பாட்டிலின் உட்சுவரை ஒட்டி மெதுவாக. முன்கூட்டியே கலந்தால் நுரை உடையாமல் திரண்டு, பொங்கி வழிந்து, மெஷினின் குழாய்முனையிலும் ஒட்டிக்கொள்ளும்.

பலர் கவனிக்காத இடம் தம்ளர். சோடாவில் குமிழி நடுத் தண்ணீரில் தானாக உருவாவது மிகக் கடினம்; அதற்கு ஒரு பிடிப்பு வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய துணி இழை, தூசி, கீறல் ஆகியவற்றில் சிக்கியிருக்கும் துளிக் காற்றுக்குள் வாயு புகுந்து பெருத்து, பிய்த்துக்கொண்டு மேலே போகிறது. ஒரே புள்ளியிலிருந்து சரம் சரமாகக் குமிழி கிளம்பினால் அங்கே ஏதோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். தம்ளரை நன்றாக அலசிக் கவிழ்த்து உலர விடுங்கள். துணியால் துடைத்தால் இழை ஒட்டும். ஊற்றும்போது தம்ளரைச் சாய்த்துப் பிடியுங்கள். ஐஸ் கட்டியைப் போட்டதும் நுரைப்பதும் இதே காரணத்தால்தான். அதன் சொரசொரப்பில் குமிழிகள் பிறக்கின்றன. ஒருமுறை தண்ணீரில் அலசிய கட்டி குறைவாக நுரைக்கும்.

மிச்சத்தை எடுத்து வைக்கும்போது, மேலே காலி இடம் குறைவாக இருக்கும் சின்ன பாட்டிலுக்கு மெதுவாக மாற்றி, இறுக்கி மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுவது பலனற்ற பழக்கம். பாட்டில் மறுபடி விரியும். அந்த இடத்தை நிரப்ப சோடாவிலிருந்தே வாயு வெளியேறும். காற்றைப் பம்ப் செய்யும் மூடிகளும் பெரிதாக உதவாது. கரைந்த வாயுவைத் தடுத்து நிறுத்த மேலே இருக்க வேண்டியது கரியமில வாயுவின் அழுத்தம், வெறும் காற்றின் அழுத்தம் அல்ல.

குலுங்கிய பாட்டிலை உடனே திறக்காதீர்கள். உள்ளே சிதறிய நுண்குமிழிகள் ஒவ்வொன்றும், திறந்ததும் பெருத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். சில நிமிடங்கள் அசையாமல் வைத்தால் அவை மேலே ஏறி அடங்கிவிடும்.

ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவதோடு, பனிக்கட்டியில் இடமில்லாமல் வாயுவும் வெளியே தள்ளப்படுவதால் கண்ணாடி பாட்டில் வெடித்துவிடும்.