வீட்டில் செய்த டேஷ்போட்டுக்கு எந்த மேற்பூச்சு? மலைநாட்டுக் காருக்கு ஒரு செய்முறை

அப்பா காலத்து ஜப்பான் கார் ஒன்று எங்களிடம் இருக்கிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தார்கள், ஆனால் விலையைக் கேட்டதும் பழையதே போதும் என்று திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் காரின் டேஷ்போட் வெடித்துப் பிளந்து, விரல் பட்டாலே உதிர்ந்துகொண்டிருந்தது. 9 மில்லிமீற்றர் ப்ளைவூட்டில் நானே ஒன்றை வெட்டிப் பொருத்தினேன். வெட்டியது சரி, மேலே பூசியதுதான் பிழை. பளபளவென்று வார்னிஷ் அடித்துவிட்டு ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கினால், வெயில் பட்டதும் முன் கண்ணாடி முழுக்க டேஷ்போட்டின் பிம்பம், எதிரே வருவது பஸ்ஸா லொறியா என்றே தெரியவில்லை. கராஜில் காட்டியபோது பெயின்ட் பாஸ் சிரித்தார்: "தம்பி, நீ டேஷ்போட் செய்தியா, முகம் பார்க்கும் கண்ணாடி செய்தியா?" அடுத்த மழைக்காலத்தில் ஓரங்களும் ஊதிவிட்டன. இரண்டாம் தடவை செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்று. உங்கள் காரில் எயார்பேக் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். பை வெடித்து வெளியே வரும் மூடியின் மேல் பலகையோ ரெக்சினோ இருந்தால் அது ஆளைக் காப்பாற்றாது, முகத்தில்தான் அடிக்கும். இது எயார்பேக் இல்லாத பழைய வண்டிகளுக்கு மட்டும்.

படி 1: உங்கள் கார் எங்கே ஓடுகிறது?

நம் கார்கள் இரண்டு காலநிலையில் வாழ்கின்றன. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். இரவில் குளிர், விடியும்போது பனி, மாதக்கணக்கில் ஈரம். 1,000 மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், ஆகவே வெயில் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் நிறத்தை நன்றாகவே வெளுக்கும். அதே கார் அவிசாவளை தாண்டிக் கொழும்பில் கண்ணாடி மூடி வெயிலில் நின்றால் டேஷ்போட்டின் மேற்பக்கம் 70 பாகை செல்சியஸைத் தொடும். மேலே ஈரத்தையும் கீழே சூட்டையும் தாங்குகிற பூச்சுதான் நமக்கு வேண்டும்.

படி 2: பூச்சைத் தெரிவு செய்வது

எப்பொக்சி ரெசினைக் கண்ணாடி மாதிரி ஊற்றுவது பார்க்க அழகுதான், ஆனால் டேஷ்போட்டுக்கு வேண்டாம். சாதாரணமாக வீட்டில் கலக்கும் எப்பொக்சி 50, 60 பாகையிலேயே இளகத் தொடங்கும், வெயிலில் மஞ்சளாகும், மேலே வைத்த போனின் தடம் பதிந்துவிடும். வெல்வெட் மாதிரியான துணி, கார்பெட் எல்லாம் நம் ஊரில் பூஞ்சணத்துக்கு விருந்து.

மேற்பக்கத்துக்கு என் தெரிவு மங்கலான கறுப்பு ரெக்சின். ஒளி தெறிக்காது, சிறு பள்ளம் மேடுகளை மறைக்கும், கிழிந்தால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். ஆனால் தளபாடத்துக்கு விற்கும் மலிவு ரெக்சின் வாங்காதீர்கள். அதை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் சூட்டில் ஆவியாகி முன் கண்ணாடியின் உட்பக்கம் படலமாகப் படியும், ஏற்கெனவே பனிமூட்டத்தில் ஓட்டுகிற நமக்கு இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறினால் வளைவே தெரியாது. வாகன இருக்கைக்கென்று விற்பதையே கேட்டு வாங்குங்கள். கம் விஷயமும் அப்படித்தான், சாதாரண செருப்புக் கம் கொழும்பு வெயிலில் இளகி ஓரம் தூக்கும். வாகனக் கூரைத் துணி ஒட்டும், சூடு தாங்கும் கம் தனியாகக் கிடைக்கும்.

மீற்றர், ரேடியோ இருக்கும் முன்முகத்தில் மர ரேகை தெரிய வேண்டும் என்று ஆசையா? அங்கே மட் வார்னிஷ், அதாவது மினுங்காத வார்னிஷ், பூசலாம், வெளிப்புற மரத்துக்கென்று விற்பதாகப் பாருங்கள். அதில் வெயிலைத் தடுக்கும் பொருள் இருக்கும், மரம் சுருங்கி விரியும்போது கூடவே வளைந்தும் கொடுக்கும். எல்லாவற்றையும்விட உறுதியானது ஹார்ட்னர் கலந்து ஸ்பிரே பண்ணும் டூ-கே பெயின்ட். ஆனால் அந்த ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது, துணி மாஸ்க்கும் கடதாசி மாஸ்க்கும் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. அது வேண்டுமென்றால் தயார் செய்த பலகையை உரிய வசதி உள்ள பெயின்ட் கராஜில் கொடுத்து அடியுங்கள். வீட்டு விறாந்தையில் வேண்டவே வேண்டாம்.

படி 3: துண்டுப் பலகையில் சோதனை

இதைத் தாண்டிப் போனதால்தான் முதல் தடவை ஏமாந்தேன். அதே ப்ளைவூட்டில் 10 சென்ரிமீற்றர் சதுரமாக நாலைந்து துண்டு வெட்டி, நினைத்திருக்கும் பூச்சுகளை ஒவ்வொன்றிலும் பூசுங்கள். ஒரு வாரம் காய்ந்ததும் பிளேடால் 2 மில்லிமீற்றர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மேலே டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்தப் பூச்சு பிடிக்கவில்லை. அப்புறம் சூடான பிளேன்டீக் கோப்பையை மேலே வையுங்கள், நுளம்பு விரட்டும் கிரீம் ஒரு சொட்டுத் தடவுங்கள் (அதிலுள்ள டீட் பல பெயின்ட்களைக் கரைக்கும்), கொஞ்சம் குங்குமமும் மஞ்சளும் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். நம் டேஷ்போட்டில் பிள்ளையார் இல்லாமலா? வெளிர் நிற ரெக்சினில் மஞ்சள் ஏறினால் போகவே போகாது. கடைசியாக ஒரு துண்டை முன் கண்ணாடிக்குக் கீழும் இன்னொன்றைத் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் ஈரத்திலும் ஒரு மாதம் விட்டுவிடுங்கள்.

படி 4: பலகையைத் தயார் செய்தல்

மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டாம், ஈரம் குடித்தால் பாண் மாதிரி ஊதும். நீர் தாங்கும் ப்ளைவூட்டை எடுத்து 120, 180, 240 என்ற வரிசையில் சாண்ட் பேப்பர் போடுங்கள். தூசியைத் தட்டிவிட்டு, முதல் கோட் வார்னிஷைத் தின்னர் கூட்டித் தண்ணியாக அடியுங்கள், அப்போதுதான் உள்ளே இறங்கும். பின்பக்கம் யாருக்குத் தெரியப்போகிறது என்று பச்சையாக விட்டதுதான் என் பழைய பலகை வளைந்ததற்குக் காரணம், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறியது. பின்பக்கம் இரண்டு கோட், வெட்டிய ஓரங்களுக்கு மூன்று கோட், ஸ்குரூ ஓட்டைக்கும் வயர் ஓட்டைக்கும் உள்ளேயும். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் 320 சாண்ட் பேப்பரால் லேசாக ஒரு தேய்ப்பு.

படி 5: நாள் பார்த்துப் பூசுதல்

நல்ல நேரம் பார்ப்பது வேறு, இது வேறு! ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, அப்போது தொடாதீர்கள், ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் தோது. பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு ஜூன், ஜூலை காய்ந்த மாதங்கள். எந்த மாதமானாலும் காலை 10 மணிக்குப் பிறகு தொடங்கி 2 மணிக்குள் முடியுங்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூசிய இடம் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படியும், லேக்கர் மாதிரி வேகமாகக் காயும் பூச்சு பால் போல வெளுத்துவிடும். குளிருக்கு அடுப்பு மூட்டிக்கொண்டு தின்னர் டின்னைத் திறக்காதீர்கள், அதன் ஆவி பற்றிக்கொள்ளும்.

ரெக்சினுக்குக் கம்மைப் பலகையிலும் ரெக்சினின் பின்பக்கத்திலும் பூசி, விரலில் ஒட்டாத நிலைக்கு வரும்வரை விட்டு ஒட்ட வேண்டும். டின்னில் 10 நிமிடம் என்று போட்டிருந்தாலும் நம் குளிரில் அது 20 ஆகலாம், விரலைத்தான் நம்புங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போய், ஓரத்தைப் பின்பக்கம் மடித்து ஸ்டேப்பிள் அடியுங்கள்.

படி 6: பொருத்துதல்

வார்னிஷ் அடித்திருந்தால் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இளசாகத்தான் இருக்கும். முன் கண்ணாடிப் பக்கம் 3 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள், கண்ணாடிக்குக் காற்றடிக்கும் துவாரத்தை மறைக்காதீர்கள். துடைக்கச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். சிலிக்கோன் கலந்த டேஷ்போட் பொலிஷ் போட்டால் மறுபடியும் மினுங்கத் தொடங்கும், பின்னால் ஒருநாள் பெயின்ட் அடிக்க நினைத்தால் அது பிடிக்காமல் குழி குழியாக விலகும்.

இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டினால் கழற்றும்போது பூச்சும் சேர்ந்து வரும் என்பதால், எங்கள் பிள்ளையாரை இந்தத் தடவை சின்ன ஸ்குரூவில் பூட்டியிருக்கிறேன். அந்த இரண்டு வாரமும் அவர் அம்மாவின் சாமித்தட்டில்தான் இருந்தார்.