பழைய காரும் பந்தய ஆசையும்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் காசைக் கோட்டைவிடும் இடங்கள்

புதுக் காரில் ஏசி காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமென்றால்கூட இன்றைக்குக் கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும். திரையில் பக்கம் தேடிக்கொண்டிருக்கும்போது கார் ஒரு பள்ளத்தில் இறங்கும், விரல் வேறெங்கோ படும், காற்று குறைவதற்குப் பதில் பாட்டு மாறும். முன்பு அந்த இடத்தில் ஒரு திருகு இருந்தது. கை தானாகப் போய்த் திருப்பிவிட்டு வந்துவிடும். அதே போல ஹேண்ட்பிரேக் ஒரு பட்டனாகிவிட்டது. சில மாடல்களில் ஸ்டெப்னி இருந்த இடத்தில் பஞ்சர் கிட் உட்கார்ந்திருக்கிறது. எல்.இ.டி. ஹெட்லைட் போனால் பல்பு மாற்றும் கதையே கிடையாது, பல மாடல்களில் முழு விளக்கையும்தான் மாற்ற வேண்டும். முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களோ புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்தைச் சுற்றும்போது ஒரு ஸ்கூட்டியை ஆளோடு மறைக்கிற அளவுக்குத் தடித்துவிட்டன.

இது வயதானவர்களின் புலம்பல் மட்டுமில்லை. கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பே, இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், அபாய விளக்கு போன்றவற்றுக்குக் கையால் தொட்டு உணரும் தனிப் பட்டனோ தண்டோ இல்லாவிட்டால் முழு மதிப்பெண் இல்லை என்று 2026 முதல் விதி வைத்துவிட்டது.

இந்த எரிச்சலோடுதான் நம் பக்கத்துப் பையன்கள் பலர் பழைய மாருதி 800, ஜென், எஸ்டீம் என்று தேடிப் போகிறார்கள். கேபிள் கிளட்ச், கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக், ஸ்பேனர் செட்டோடு உட்கார்ந்தால் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே முடிக்கலாம். கொஞ்ச நாளில் அடுத்த ஆசை வரும்: இதை வைத்து ரேஸ் ஓட்டினால் என்ன? ஆசையில் தப்பே இல்லை. கையில் இருக்கும் கொஞ்சக் காசு எந்த வரிசையில் செலவாகிறது என்பதில்தான் கோளாறு.

புதுசு எல்லாமே கேடு என்று நினைப்பது

திரை மேல் உள்ள கோபத்தை ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) மேலும் ஏர்பேக் மேலும் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தூண் தடித்ததற்குக் காரணம் உண்டு: கார் கவிழ்ந்தால் கூரை தலையில் இறங்கக் கூடாது, பக்கவாட்டு ஏர்பேக்குக்கும் இடம் வேண்டும். 2014-இல் குளோபல் என்கேப் மோதிப் பார்த்த ஆல்ட்டோ 800-க்கு, பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதற்கும் முந்தைய 800-ஐ 'அந்தக் காலத்து இரும்பு' என்று தட்டிக் காட்டுகிறவர் அதன் கதவை ஒருமுறை கையில் தூக்கிப் பார்க்கட்டும்.

இதில் மிக ஆபத்தானது ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்குவது. பிடுங்கினால் பழைய காலத்துப் பிரேக் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. கிடைக்காது. பழைய கார்களில் பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு இருந்தது. ஏபிஎஸ் வந்த பிறகு பெரும்பாலான கார்களில் அந்த வேலையை இபிடி என்ற மென்பொருள் எடுத்துக்கொண்டது. ஃபியூஸோடு அதுவும் போய்விடும். வேகத்தில் பிரேக் மிதித்ததும் காரின் எடை முன்னால் சாயும், லேசாகிப் போன பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும், கார் தன் வாலைச் சுற்றி முன்னால் கொண்டு வந்துவிடும். ஏபிஎஸ் பிடிக்கவில்லையா, அது பிறக்காத காலத்துக் காரை வாங்குங்கள். இருப்பதைப் பாதியாக்காதீர்கள்.

அடியைப் பார்க்காமல் வாங்குவது

நம் ஊரில் பழைய கார் வாங்குவதும் கோயம்புத்தூரில் வாங்குவதும் ஒன்றல்ல. தேவனாம்பட்டினம், கோட்டக்குப்பம், காலாப்பட்டு என்று கடலோரத்தில் நின்ற வண்டி மேலே பளபளவென்று இருக்கும், அடியில் பொரிந்து போயிருக்கும். இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் தரையில் படுத்துப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடம், முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை உட்காரும் கிண்ணம், பேட்டரித் தட்டுக்குக் கீழே, பின் சீட்டுக்கு அடியில் உள்ள தகடு: இந்த நான்கும்தான் முக்கியம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்னும், அரித்தது பொத்தென்னும். பட்டி பூசி மறைத்த இடத்தில் சின்னக் காந்தம் ஒட்டாது. இன்ஜின் கெட்டால் வேறு இன்ஜின் கிடைக்கும். ஷாக் அப்சார்பர் கிண்ணம் அரித்த பாடியில் ரேஸ் ஓட்டினால் வளைவில் சக்கரம் தன் வழியில் போகும், நீங்கள் உங்கள் வழியில் போவீர்கள்.

அடுத்தது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பர் மழை கடலூரை மூழ்கடித்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதில் நின்ற கார்களெல்லாம் காயலாங்கடைக்குப் போய்விடவில்லை. கழுவிக் காயவைத்து விற்பனைக்கு வந்தவையும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் வண்டல் கறை இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கம்பளத்தைத் தூக்கி அடியில் உள்ள ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடலூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. முள்ளோடையைத் தாண்டி பெட்ரோல் போட்டு வருவது போல, பி.ஒய். (புதுச்சேரிப் பதிவு) நம்பர் காரையும் மலிவு என்று வாங்கி வந்துவிடுவார்கள். என்.ஓ.சி. (ஆட்சேபனையில்லாச் சான்று) வாங்காமல், தமிழ்நாட்டு வரி கட்டாமல், பழைய முதலாளி பேரிலேயே வருஷக்கணக்கில் ஓட்டினால் பின்னால் விற்கவும் முடியாது, விபத்து நடந்தால் பதில் சொல்லவும் முடியாது. 15 வருஷம் தாண்டிய வண்டியென்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்பதை விலை பேசும் முன்பே கேளுங்கள்.

ஈ.சி.ஆரை டிராக் என்று நினைப்பது

இதற்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொது இடத்தில் ரேஸ் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின் கீழ் முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருஷம் வரை போகலாம். சட்டத்தை விடுங்கள், பொம்மையார்பாளையத்தில் விடியற்காலையில் மீன் கூடையோடு ரோட்டைக் கடக்கிறவருக்கு உங்கள் லேப் டைம் தெரியாது.

டிராக்கில் ஓட்டினால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்பதும் தப்புக் கணக்கு. சாதாரண கார் பாலிசியிலேயே பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு இழப்பீடு இல்லை என்று எழுதியிருக்கும். ஆகவே உடைந்தால் அழாமல் விட்டுவிடக்கூடிய விலைக்குத்தான் கார் இருக்க வேண்டும்.

நமக்குப் பக்கத்து டிராக் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. 3.717 கி.மீ. சுற்று, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டியது. அதற்கு முன்னால் சென்னைக்காரர்கள் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக ஏறக்குறைய 150 கி.மீ. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ.தான். சின்னக் காருக்கு அதுதான் பொருத்தம் என்பேன், ஆனால் தூரம் அதிகம். அங்கீகாரம் பெற்ற போட்டி எதில் இறங்குவதானாலும் இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் லைசென்ஸ் வேண்டும். சீட்டைப் பிடுங்கி, கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு (ரோல் கேஜ்) பற்றவைத்த வண்டியை அவ்வளவு தூரம் ரோட்டில் ஓட்டிப் போகவும் முடியாது. ஆர்.சி.யில் உள்ள அமைப்பை அப்படி மாற்ற 52-ஆம் பிரிவு இடம் தராது, லாரியில்தான் ஏற்ற வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்: முதல் வருஷம் கட்டிங், வெல்டிங் எதுவும் வேண்டாம். கம்பெனியிலிருந்து வந்த அமைப்பிலேயே, கூம்புகள் வைத்து நடத்தும் ஆட்டோகிராஸ் மாதிரிப் போட்டிகளில் ஓட்டிப் பழகுங்கள். மின்சார ஹேண்ட்பிரேக் வைத்த புதுக் கார்கள் திணறும் இடத்தில் பழைய எஸ்டீம் ஒரு இழுப்பில் திரும்பும். மனசுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

சைலன்சரில் தொடங்குவது

முதல் சம்பளக் காசு பெரும்பாலும் சைலன்சருக்கும் ஏர் ஃபில்டருக்கும்தான் போகிறது. 796 சி.சி. இன்ஜினில் அதனால் கூடுவது சத்தம், பிறகு பக்கத்து வீட்டாரின் பகை. முதல் காசு போக வேண்டியது பிரேக்குக்கு.

கணக்கு எளிது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 36 கி.மீ.யிலிருந்து நிறுத்துவதைவிட 108 கி.மீ.யிலிருந்து நிறுத்த 9 மடங்கு. ஊருக்குள் அதை எப்போதாவது செய்கிறோம். டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை செய்கிறோம், இடையில் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. அந்தச் சூடு டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் இறங்குகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு இதே எண்கள் 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும், பெடல் மெத்தென்று தரை வரை போகும், கார் நிற்காது. வருஷம் முழுக்கக் கடல் ஈரத்தில் நிற்கும் நம் வண்டிகளில், எப்போது மாற்றினோம் என்றே தெரியாத ஆயிலோடு டிராக்குக்குப் போவது எப்படிப்பட்ட துணிச்சல் என்று யோசித்துக்கொள்ளுங்கள். புது டாட் 4 ஆயில், நல்ல பேட், வெடிப்பில்லாத ரப்பர் குழாய்: செலவு சைலன்சரைவிடக் குறைவு.

பிறகு டயர். பட்டன் (தரையைத் தொடும் பகுதியின் வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழம் என்று மட்டும் பார்க்காமல் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. வீட்டு வாசல் வெயிலில் வருஷக்கணக்காக நின்ற டயர் பட்டனோடு இருந்தாலும் கெட்டித்துப் போயிருக்கும், ரோட்டைப் பிடிக்காது.

குளிர்விப்பதில் இரண்டு தவறுகள் நம் பக்கத்தில் சகஜம். சூடாகிறது என்று சொன்னதும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது ஒன்று. அதனால் அசல் கோளாறு தீராது. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் தேயும், எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் விடும்) வண்டியென்றால் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மற்றொன்று, ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவது. கடலோர போர் தண்ணீரில் உள்ள உப்பு, அலுமினிய ஹெட்டை உள்ளிருந்து தின்றுவிடும். கூலண்ட் வாங்கக் காசில்லை என்றால் அந்த மாதம் ரேஸ் வேண்டாம். பழைய வண்டியில் பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது, அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

தண்ணீர் பைப்பில் கூண்டு

கேட் செய்கிற பட்டறையில் ஜி.ஐ. பைப்பை வளைத்து ரோல் கேஜ் பற்றவைத்துத் தருவார்கள். அது தண்ணீர் போக்குவரத்துக்கான குழாய், கவிழும் காரைத் தாங்க அல்ல. மேல்பூச்சான துத்தநாகத்தைச் சுரண்டாமல் பற்றவைத்தால் இணைப்பும் பலவீனம், அந்தப் புகையும் நஞ்சு. தையலில்லாத ஸ்டீல் குழாயில், போட்டி விதியில் சொன்ன தடிமனில் செய்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கூண்டு வைத்த காரை ஹெல்மெட் இல்லாமல் ஊருக்குள் ஓட்டுவது அதைவிட மோசம். சின்ன மோதலிலேயே மண்டை நேராக இரும்பில் போய் மோதும். ஹெல்மெட்டிலும் ஏமாறாதீர்கள், பைக் ஹெல்மெட் தீயைத் தாங்குவதற்காகச் சோதிக்கப்பட்டதில்லை. கார் பந்தயத்துக்கு, ஹெல்மெட் சோதிக்கும் அமைப்பான ஸ்னெல்லின் எஸ்.ஏ. வகையோ உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் முத்திரையோ வேண்டும். இந்த ஒரு பொருளை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம்.

நண்பர்கள் சேர்ந்து விதி எழுதும்போது

மலிவுப் பந்தயம் நமக்குப் புதிதில்லை. கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன் 1980-களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். பின்னால் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' போட்டியில் காரின் விலை 500 டாலரைத் தாண்டக் கூடாது. ஆனால் கூண்டு, பெல்ட், பிரேக் போன்ற பாதுகாப்புச் செலவு அந்தக் கணக்கில் சேராது. நம் ஆட்கள் தங்களுக்குள் நடத்தும் போட்டிக்கு 'மொத்தச் செலவு இவ்வளவுதான்' என்று எழுதும்போது இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள். அப்படி எழுதினால் முதலில் பலியாவது பெல்ட்டும் பேடும்தான்.

குதிரைத்திறனுக்கு வரம்பு வைப்பதும் வீண், நம்மில் யாரிடமும் அளக்கும் கருவி இல்லை. டயரை ஒரே கம்பெனி, ஒரே அளவு என்று கட்டிவிடுங்கள், பணக்காரப் பையனின் பாதி சாமர்த்தியம் அடங்கிவிடும். மீதிக்கு அமெரிக்க மண் டிராக்குகளில் ஒரு பழைய விதி உண்டு: போட்டி முடிந்ததும், முன்பே குறித்த விலைக்கு ஜெயித்தவனின் இன்ஜினை வேறு போட்டியாளர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நாற்பதாயிரத்துக்குக் கேட்டால் கொடுக்க வேண்டும் என்றால் யாரும் ஒன்றரை லட்சத்தை அதில் கொட்டமாட்டார்கள்.

நான்கு பேர் சேர்ந்து ஒரு கார் என்பதுதான் நான் பார்த்தவரை நிலைக்கும் வழி. அதிலும் வேகப் போட்டியைவிட நேரப் போட்டி நல்லது. இரண்டு மணி நேரம் மாறி மாறி ஓட்டி அதிகச் சுற்று முடிப்பவர் வெற்றி என்றால், இன்ஜினைக் கிழிக்கிறவன் தோற்பான், மூன்றாவது கியரில் பொறுமையாகப் போகிறவன் ஜெயிப்பான். ஆனால் கார் வாங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து போட்டுக்கொள்ளுங்கள்: யார் ஓட்டும்போது கேஸ்கெட் போனாலும் செலவு நான்கு பங்கு, சுவரில் மோதினால் மோதியவருக்கு இரண்டு பங்கு, விலக நினைப்பவருக்குப் போட்ட காசில் எவ்வளவு திரும்பும், ஆர்.சி. யார் பேரில்.